பவானிக்குப் பொருந்தும் ரத்தம்

அன்புள்ள அக்காவுக்கு,

போனில் பேசினால் எனக்கு அழுகைதான் வரும். அதனால் எழுதுகிறேன்.

நம் பவானிக்கு மஞ்சள் காமாலை வந்தது. கண்ணில் மஞ்சள் போனதும் நோய் இறங்கிவிட்டது என்று தலைக்குத் தண்ணீர் ஊற்றினோம். பிறகு உடம்பெல்லாம் நீலமாகக் கன்றியது. படகில் ஏறிக் குதித்து இடித்துக்கொண்டாள் என்று அம்மா திட்டினாள். அப்புறம் மூக்கில் வந்த ரத்தம் நிற்கவே இல்லை.

ஈரலைத் தாக்கிய கிருமியால் எலும்புக்குள் ரத்தம் ஊறுவதே நின்றுவிட்டதாம். அபூர்வமாகத்தான் இப்படி ஆகுமாம். கூடப்பிறந்தவர்களின் எலும்பு மஜ்ஜை பொருந்தினால் பிழைக்க வழியுண்டாம். என்னுடையது பொருந்தவில்லை.

அம்மா மீன் விற்கப் போய்விடுகிறாள். பவானி தூங்கிவிட்டால் வார்டில் எனக்குப் பேச யாருமில்லை.

"வேற பசங்க இருக்காங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"இல்ல சார், ரெண்டே பொண்ணுங்கதான்" என்றார் நைனா. நீ பீம்ராவ் மாமாவைக் கட்டிக்கொண்டு வியாசர்பாடிக்குப் போன அன்றே கடலில் இறங்கி உன்னைத் தலைமுழுகியவர் அல்லவா.

யார் முன்னாலும் வாய் திறக்காத நான், "மூணு பேரு சார். பெரியக்கா கீது" என்று சொல்லிவிட்டேன்.

"இன்னாடி ஒளர்ற?"

பவானி படுத்தபடியே சொன்னாள்: "அது ஒளர்ல நைனா. அக்கா கீதுல்ல."

அதற்குப் பிறகு நைனா என்னோடு பேசவில்லை. கடலுக்கும் போகவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் நின்று வருகிறவர்களின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

மாமாவையும் கூட்டிக்கொண்டு அந்த வாசல் வழியாகவே வா, அக்கா.

உன் பெரிய தங்கச்சி