மஞ்சள் விளக்கும் அல் ஐன் ரோடும்

ஜனவரி 10, சனி

காலையில் பனி. எதிர் பில்டிங்கைக் காணவில்லை. ஷார்ஜாவா, கொடைக்கானலா? பால்கனியில் காயப்போட்ட துணி போட்டதைவிட ஈரம்.

அக்கா போன். வருகிற வெள்ளி அவளுக்கு முழு லீவு! அல் ஐனில் ஒரு கிளினிக்கில் நர்ஸ். மாதத்தில் ஒரு வெள்ளிதான் அப்படி வாய்க்கும். இவருக்கு அன்றைக்குக் கட்டட சைட்டில் டூட்டி. எப்போதும் இதேதான். இவருக்கு லீவு என்றால் அவளுக்கு டூட்டி, அவளுக்கு லீவு என்றால் இவருக்கு. ஒரே நாட்டில் இருந்துகொண்டு தீபாவளி வாழ்த்தை போனில் சொல்லிக்கொள்கிற அக்கா தங்கை நாங்களாகத்தான் இருப்போம்.

"வாரேன்க்கா" என்றுவிட்டேன். இவர் கூட்டி வருவார் என்று நினைத்துக்கொண்டாள். நான் திருத்தவில்லை.

லைசென்ஸ் வந்து ரெண்டு மாசம். ஆறு டெஸ்ட் தோற்று, ஏழாவதில். இதுவரை ஓட்டியது வீடு, ஆபீஸ், வீடு. அல் ஐன் ரோடு! நூற்றைம்பது கிலோமீட்டர், எல்லாம் ஹைவே.

வாங்க: ரவை, முந்திரி, அக்காவுக்கு நைட்டி (பூப்போட்டது வேண்டாம், திட்டுவாள்).

ஜனவரி 11, ஞாயிறு

குளிர். கார் கண்ணாடியை நைட்டித் துணியால் துடைத்தேன். ஸ்டார்ட் செய்தால் டேஷ்போர்டில் மஞ்சளாக ஒரு விளக்கு. வாணலி மாதிரி ஒரு படம், அதற்குள் ஆச்சரியக்குறி. இறங்கி நாலு டயரையும் உதைத்துப் பார்த்தேன் (ஆம்பிளைகள் ஏன் உதைக்கிறார்கள் என்று இன்னும் தெரியவில்லை). நன்றாகத்தான் இருந்தன.

ஆபீஸ் முடிந்து (இங்கே ஞாயிறு வேலை நாள்) வெயிலில் கிடந்த வண்டியை எடுத்தால் விளக்கு இல்லை.

இவர் வந்ததும் சொன்னேன். கீழே போய்ப் பார்த்தார். இல்லை. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பழைய கார், டயரில் காற்று இறங்கினால் சொல்கிற சென்சார் உண்டு என்றார். பிறகு ஒரு மாதிரி பார்த்து, "ஒனக்கு மட்டும்தான் எரியுதோ?" பயத்தில் எனக்குக் கண்ணில் பூச்சி பறக்கிறதாம்.

அல் ஐன் விஷயத்தை அப்போதுதான் சொன்னேன். சாப்பிடுகிற கை நின்றது.

ஜனவரி 12, திங்கள்

காலையில் விளக்கு. சாயங்காலம் இல்லை. என்னைக் கண்டால் எரிகிறது, இவரைக் கண்டால் அணைகிறது. மாமியார் மெச்சிய மருமகளா நான்?

மொபைலில் போட்டோ எடுத்து இவருக்கு அனுப்பினேன். படத்தில் டீக் கறை மாதிரி ஏதோ மஞ்சள். தெரியவில்லை என்று பதில்.

ஆபீஸில் பாதி பேருக்கு ஜலதோஷம். மேனேஜர் மப்ளரோடு வந்தார்.

ஜனவரி 13, செவ்வாய்

இவர் மத்தியானம் ஆபீஸ் வாசலில் வந்து வண்டியை வாங்கிப்போய் டயர் கடையில் காட்டினார். கடைக்கார பாய் காற்று பார்த்தாராம். "டயர் டீக் ஹை பாய், சென்சார் கராப்." டயர் சரி, சென்சார்தான் கெட்டுப்போச்சு. அவ்வளவுதான், கல்லாஸ்.

இவர் செய்த வைத்தியம்: சைட்டிலிருந்து கொண்டுவந்த கறுப்பு டேப், சின்னதாக வெட்டி, விளக்கு எரியும் இடத்தில் ஒட்டிவிட்டார். பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமா? கேட்டேன். சிரித்தார். ஆனால் அடுத்தது சிரிப்பு இல்லை.

"ஆபீஸுக்கு இது போதும். ஹைவேக்கு வேண்டாம். நெசமாவே காத்து எறங்கினா ஒனக்கு எப்படித் தெரியும்? சென்சார் சரியாவட்டும், அப்புறம் போ. நான் ஒண்ணும் தடுக்கல பாத்துக்க."

தடுக்கவில்லையாம். சென்சார் மாற்றுவதென்றால் பார்ட்ஸ் வரவே வாரக்கணக்காகும். அதற்குள் அக்காவின் வெள்ளி போய்விடும். பாத்ரூமில் போய்க் கொஞ்சம் அழுதேன். கோபத்தில்தான்.

ஜனவரி 14, புதன். பொங்கல்

குக்கரில் பொங்கல். கரும்பு கிடைத்தது, ஒரு துண்டு, தந்தம் மாதிரி விலை.

கண்டுபிடித்துவிட்டேன்! கண்டுபிடித்துவிட்டேன்!

நேற்று ராத்திரி கொதித்து ஆறின தண்ணீரை பிளாஸ்டிக் பாட்டிலில் பாதி ஊற்றி, மூடி, பிரிட்ஜில் வைத்தேன். தினமும் செய்வதுதான். காலையில் எடுத்தால் பாட்டிலின் வயிறு ஒட்டி உள்ளே போயிருந்தது. மேடை மேல் வைத்துவிட்டுப் பருப்பு வறுத்தேன். திடீரென்று டொக் என்று சத்தம். பாட்டில் பழையபடி உப்பிவிட்டது. ஓட்டை இல்லை, ஒன்றும் இல்லை. உள்ளே இருந்த காற்றுக்குக் குளிர், சுருங்கிவிட்டது! டயருக்குள்ளும் காற்றுதானே?

அடுப்பை அணைத்துவிட்டு டேப்பைப் பிய்க்க ஓடினேன். ஆமாம், நைட்டியோடுதான். வாச்மேன் திரும்பிக்கொண்டார், நல்ல மனுஷன்.

டிஸ்கவுண்ட் கடையில் வாங்கி டிக்கியில் கிடந்த, டயர் காற்றை அளக்கும் பேனா மாதிரிக் கருவி. நாலு டயரிலும் வைத்தேன். இருபத்துநாலு. டிரைவர் கதவோரத்து ஸ்டிக்கரில் போட்டிருப்பது முப்பத்திரண்டு. மத்தியானம் வெயிலில் மறுபடி வைத்தேன், இருபத்தேழு. பாய் பார்த்தது இதைத்தான். வெயில் நேரத்து டயரை. ஸ்டிக்கரைப் பார்க்காதவருக்கு இருபத்தேழு நல்ல காற்றுதான்.

சரி, முப்பத்திரண்டு எங்கே போயிற்று? அதுவும் ஞாபகம் வந்தது. ஆகஸ்டில் இவரே போய்க் காற்றைக் குறைத்துவிட்டு வந்தார். சைட்டில் எல்லாரும் செய்வது. வெயிலுக்கு டயர் வெடிக்கும், கம்மியா வை. கோடை போய்விட்டது, குறைத்த காற்றைத் திரும்ப வைக்க யாருக்கும் தோன்றவில்லை. சென்சார் பாவம், தினமும் காலையில் உண்மையைச் சொல்லிவிட்டு டேப் அடி வாங்கியிருக்கிறது.

ராத்திரி பொங்கலோடு இவர் முன்னால் பாட்டிலை வைத்து விளக்கினேன். பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கம்மியா வெச்சா வெடிக்காதுன்னுதான் எல்லாரும் சொன்னாங்க என்றார். அடுத்து, பொங்கல்ல உப்பு கம்மி என்றார். பிறகுதான் வந்தது: "காத்து வச்சிப் பாரு. காலைல எரியலேன்னா போயிட்டு வா."

ஜனவரி 15, வியாழன்

இருட்டோடு பெட்ரோல் ஸ்டேஷன். வீட்டுக்குப் பக்கம்தான், டயர் சூடாவதற்குள் போய்விடலாம். காற்றுக் குழாய்க்கு லைன். முன்னால் ரெண்டு லாரி, ஒரு டாக்ஸி, எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஸ்டேஷன் ஆள் குழாயை வாங்க வந்தார், நானே என்றேன். முதல் டயரில் காற்று போனதைவிட வந்ததே அதிகம், முகமெல்லாம் தூசி. மூன்றாவதில் கை பழகிவிட்டது. நாலும் முப்பத்திரண்டு.

ஆபீஸ் போகிற வழியில் விளக்கு இன்னும் எரிந்தது. பயந்துவிட்டேன். ரவுண்டானா தாண்டினதும் தானாக அணைந்தது. ஸ்டியரிங்கில் முத்தம் கொடுத்தேன். பக்கத்து வண்டி அரபி பார்த்துவிட்டார், போகட்டும்.

ஆனால் பரீட்சை நாளைக்காலை. ராத்திரி முழுக்கக் குளிரில் நிற்க வேண்டும்.

ரவா லட்டு, இருபது. நாலு உடைந்தது, இவருக்கு.

ஜனவரி 16, வெள்ளி

கடுங்குளிர். வண்டி மேல் தண்ணீர் சொட்டுகிறது. இவர் டூட்டிக்குக் கிளம்பும் முன் கூடவே கீழே வந்தார், ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர். சாவி திருகினேன். எல்லா விளக்கும் எரிந்தது. ஒவ்வொன்றாக அணைந்தது. மஞ்சளும். ரெண்டு பேரும் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தோம், திரும்ப வரவில்லை.

இவர் நிமிர்ந்தார். போய் நாலு டயரையும் உதைத்தார். கம்பெனி வேன் ஹாரன் அடித்தது. "பையப் போ" என்றார்.

துபாய் தாண்டும்வரை தோள்பட்டை கல். பிறகு பனி விலகி ரெண்டு பக்கமும் மணல், சிவப்பு, சூரியன் நேர் எதிரே. சத்தமாகப் பாடினேன், தனியாக இருந்ததால். ஒட்டகங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டன. ஒரு லாரியை ஓவர்டேக் செய்தேன். ஒன்றே ஒன்று. போதும்.

கிளினிக் குவார்ட்டர்ஸ் வாசலில் அக்கா நின்றாள். இளைத்திருக்கிறாள். வண்டியைக் கண்டதும் கையாட்டிக்கொண்டே வந்து, பின்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள். முன்சீட்டில் என்னை மட்டும் பார்த்தாள்.

"மாப்பிள்ளை எங்கட்டீ?"

"சைட்ல. முன்னால வாக்கா."

பின்சீட்டிலிருந்து எட்டி ஸ்டியரிங்கைப் பார்த்தாள். பிறகு இறங்கிச் சுற்றி வந்து முன்னால் உட்கார்ந்து, பெல்ட் போட்டு, ரெண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள். எங்கே போகணும் சொல்லு, மால், பார்க், மலை, எங்கே வேண்டுமானாலும் என்றேன். அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எடமெல்லாம் வேண்டாம்ட்டீ. நீ ஓட்டு, நான் பாக்கேன்."