கொட்டகைப் பள்ளிக்கூடம்

பெஹாலா, கல்கத்தா,
8.7.1998

அன்புள்ள உங்களுக்கு,

மஹிமாவுக்கு பி.எஸ்ஸி. பிசிக்ஸ் கிடைத்துவிட்டது. முதல் பட்டியலிலேயே மூன்றாவது பெயர் நம் பெண்ணுடையது!

"இந்தக் கொட்டகைப் பள்ளிக்கூடத்துல படிச்சா எந்தக் காலேஜ்ல சேர்த்துப்பான்?" என்று கத்திவிட்டு நீங்கள் மட்டும் சென்னைக்கு மாற்றலாகிப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. அதற்கான பதிலை இப்போதுதான் எழுதுகிறேன்.

நேர்முகத் தேர்வுக்கு வந்திருந்த மற்ற எல்லோரும் பெரிய பள்ளிப் பிள்ளைகள். புரொபசர், கரண்ட் அளக்கிற கால்வனாமீட்டர் ஒன்றை, முள் அசையாமல் கெட்டுப்போனதை, எல்லோரிடமும் நீட்டினாராம். மற்றவர்கள் பாடத்தை ஒப்பித்தார்களாம். இவள் மூடியைக் கழற்றி, விட்டுப்போன கம்பியைச் சேர்த்து, முள்ளை ஆட வைத்துவிட்டாள்.

"இதை எங்கேம்மா கத்துண்டே?" என்றாராம், பெங்காலியில்.

"எங்க ஸ்கூல்ல இருக்கறதே ஒண்ணுதான் சார். கெட்டுப்போனா நாங்கதான் சரிபண்ணணும்."

இருபதாம் தேதி சேர்க்கை. விண்ணப்பத்தில் அப்பாவின் கையெழுத்துக்கான இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். உங்களை அழைத்துவர ஹவுரா ஸ்டேஷனுக்கு அவள் வருவாள்.

பள்ளிக்கூடத்தின் பெயர் நிர்மலாபாலா பாலிகா வித்யாலயம். ரயிலை விட்டு இறங்கியதும் அவளிடம் அதை ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லுங்கள், போதும்.

இப்படிக்கு,
இன்னும் இங்கேயே இருக்கும் உங்கள் மனைவி