சிம்பு மலைக்குப் புது பேட்டரி

அன்புள்ள தங்கச்சிக்கு,

நீ வாழப்போன குலத்துக்கும் நம் குலத்துக்கும் சண்டை வந்ததிலிருந்து, மூன்று வருஷமாக நான் ஆற்றைத் தாண்டவில்லை. இன்று தாண்டினேன். சிம்பு மலை உச்சியில் இருக்கும் நம் வானொலிக் கோபுரத்தின் பேட்டரி இடியில் போய்விட்டது. சம்பளமில்லாமல் நடக்கிற நிலையம். வேறு யாரை அனுப்புவது? புது பேட்டரியை நூல் பையில் போட்டு, பையின் வாரை நெற்றியில் மாட்டி முதுகில் தொங்கவிட்டுக்கொண்டு உங்கள் காப்பித் தோட்டம் வழியாக ஏறினேன்.

பாதி வழியில் உன் மாமனார் கௌபா அரிவாளோடு நின்றார். திரும்பிவிடலாமா என்று யோசிப்பதற்குள் அவரே ஆரம்பித்தார்.

"ஏ ரேடியோக்காரி, நாலு நாளா உன் சத்தத்தையே காணோம். செத்துட்டியோன்னு நினைச்சேன்."

"இடி விழுந்திருச்சு மாமா."

"நர்ஸ் என்னைக்கு மலையேறி வருவான்னு உன் ரேடியோ சொன்னாத்தான் தெரியும். நிறைமாசக்காரி ரேடியோப் பெட்டியைத் திருகித் திருகிப் பார்க்கிறா."

"யாரு?"

"யாரா? உன் தங்கச்சிதான்."

பேட்டரியை அவரே வாங்கித் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

இதைக் கோபுரத்தடியில் உட்கார்ந்து எழுதுகிறேன். அவர் சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கில் எனக்கும் பாதி கொடுத்துவிட்டு, "சீக்கிரம் எழுது, மழை வருது" என்கிறார். கடிதத்தை அவரிடமே கொடுத்தனுப்புகிறேன். கோபுரத்தில் பச்சை விளக்கு எரிகிறது. கீழே போனதும், நர்ஸ் வியாழக்கிழமை வருகிறாள் என்பதைத்தான் முதலில் அறிவிப்பேன்.

ஊருக்கெல்லாம் சொல்ல முடியாததை உனக்கு மட்டும் எழுதுகிறேன். நர்ஸோடு நானும் வருகிறேன். பிள்ளை பிறக்கிறவரை உன் பக்கத்திலேயே இருப்பேன்.

உன் அக்கா