கடலோரக் கல்யாணமும் அப்பாவின் கருப்புக் கோட்டும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. நாங்கள் இரண்டு பேரும் இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, சிரித்த முகமாக இருக்கிறீர்கள் என்று நானாகவே நினைத்துக்கொள்கிறேன், வேறு எப்படித் தெரிந்துகொள்வது. போன் போட்டால் எடுப்பதில்லை, மெசேஜ் அனுப்பினால் படித்துவிட்டாய் என்று இரண்டு நீலக் கோடு வருகிறது, அதோடு சரி. கடிதம் என்றால் கிழித்துப் போடுவதற்காவது கையில் எடுத்துத்தானே ஆகவேண்டும், அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். மருந்துக்கடையில் டாக்டர்களுடைய சீட்டையே பார்த்துப் பார்த்து என் கையெழுத்தும் அப்படி ஆகிவிட்டது, புரியாத இடத்தில் நின்று நிதானமாகப் படி, பாதியில் மட்டும் மடித்து வைத்துவிடாதே.

வீட்டில் சொல்லும்படி பெரிதாக ஒன்றுமில்லை என்று எழுதத்தான் ஆசை. சமையலறைக் குழாய் மறுபடியும் ஒழுகுகிறது, பிளம்பர் வருகிறேன் வருகிறேன் என்று சொல்லியே காலத்தை ஓட்டுகிறான். என் முழங்கால் படி ஏறும்போது மட்டும் வலிக்கிறது, நம் வீடு மாடியில் இருப்பதால் அது எப்போதும் வலிக்கிறது என்றே வைத்துக்கொள். உன் அத்தை வாரம் தவறாமல் போன் செய்து கல்யாண போட்டோ வந்ததா என்று கேட்கிறாள், விமானத்தில் ஏறப் பயந்துகொண்டு வராமல் இருந்தவளுக்கு ஒன்று விடாமல் எல்லாம் தெரியவேண்டும். ஜாம் ஜாம் என்று நடந்தது, கடல் பார்க்க அவ்வளவு அழகு, அவள் அண்ணன், அதுதான் உன் அப்பா, கோட்டுப் போட்டு மாப்பிள்ளை மாதிரி இருந்தார் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அதில் ஒன்றும் பொய் இல்லை. மீதியைச் சொல்லவில்லை, அவ்வளவுதான். அந்த மீதியை உனக்குச் சொல்லத்தான் இந்தக் கடிதம், உனக்கும் அதில் பாதிதான் தெரியும் பாப்பா.

உன் மாமனார் வீட்டில் அப்பா ஹோட்டலில் மேனேஜராக இருந்தார் என்று நீ சொல்லி வைத்திருந்தாய், சம்பந்தியம்மா பேச்சோடு பேச்சாக அதை எங்களிடம் சொன்னபோது அப்பாவுக்கு முகம் சுண்டிவிட்டது. ஹோட்டலில் பார்ட்டி ஹால் கேப்டன் என்றால் சும்மாவா, எத்தனை விருந்து, எத்தனை கல்யாணம், பரிமாறுகிற அத்தனை பேரையும் ஒரு கண் ஜாடையில் ஓடவிட்டவர், அதில் என்ன குறைச்சல் கண்டாள் என்று அன்று முழுக்க என்னைத்தான் வறுத்தெடுத்தார். பிறகு போனில் உன்னிடமே, அப்போ உன் கல்யாணத்துல எனக்கு என்ன வேலை, தட்டு தூக்கட்டுமா என்று கேட்டுவிட்டார். நீ அழுதாய், அவரும் அழுதார், ஆனால் போனை வைத்த பிறகு அழுதார், அதனால் அது உனக்குத் தெரியாது. அடுத்த வாரமே எல்லாம் சரியாகிவிட்டது. சாயங்கால விருந்துக்கு ஆண்கள் கருப்புக் கோட்டும் கழுத்தில் பட்டாம்பூச்சி மாதிரி போ டையும் கட்டி வரவேண்டும் என்று அழைப்பிதழில் போட்டிருந்ததைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். வாழ்நாள் பூரா இதைக் கட்டிக்கிட்டு நின்னுட்டேன், இப்போ உக்காந்து சாப்பிடவும் இதையே கட்டச் சொல்றாங்களே என்றார். நீ புதுசு தைத்து அனுப்பியதைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பெல்லாம் அடங்கி, துணியைத் தடவிக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். மனதில் பகை வைத்திருக்கிறவர் அப்படித் தடவுவாரா என்று நீயே சொல்லு.

அன்று மதியம் கடற்கரையில் உன் கையைப் பிடித்து அழைத்து வந்தது அவர்தான், அதை நீ மறந்திருக்க மாட்டாய். காற்று அடித்த அடியில் நாற்காலியில் கட்டியிருந்த பூவெல்லாம் பறந்தது, உன் மாமியாருடைய செருப்புக் குதி மணலில் புதைந்து அவரை இரண்டு பேர் பிடுங்கி எடுக்கவேண்டியிருந்தது, அப்போதும் சிரிப்பைக் கலைக்காமல் வைத்திருந்தார் பார், அது ஒரு திறமைதான். அப்பா அப்போது நன்றாகத்தான் இருந்தார். பாத்து நட பாப்பா, மணல் உள்ள வாங்கும் என்று உன்னிடம் சொன்னது முதல் வரிசையில் இருந்த எனக்கே கேட்டது. சாயங்காலம் அறையில் கோட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடியைப் பார்க்காமலே டையைக் கட்டினார், அந்த விரல்களுக்குக் கண்ணாடி எதற்கு. கட்டி முடித்துவிட்டு என்னிடம், இன்னிக்கு எத்தனை பேர் என்று கேட்டார். நூறு பேருக்கு மேல இருக்கும்னு பாப்பா சொன்னா என்றேன். பரிமாற ஆள் பத்தாதே என்றார். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது, அவர் வழக்கமாகப் பண்ணுகிற கிண்டல் என்றுதான் நினைத்தேன். அவரை ஹால் வாசலில் விட்டுவிட்டு, உன் இரண்டாவது உடையின் முதுகுப் பக்கம் சரியாக நிற்கவில்லை என்று கூப்பிட்டார்களே, அதற்கு ஊசி குத்த உன் அறைக்கு வந்துவிட்டேன்.

பரிமாற வந்தவர்களும் அதே கருப்புக் கோட்டு, அதே டை. நான் இல்லாத நேரத்தில் மாப்பிள்ளையுடைய சினேகிதர் யாரோ, ஆள் தெரியாமல், காலிக் கோப்பையை அப்பா கையில் கொடுத்திருக்கிறார். அவரைக் குறை சொல்லமாட்டேன், அந்த இடத்தில் யார் விருந்தாளி யார் வேலையாள் என்று எனக்கே தெரியவில்லை. அப்பாவும் வாங்கிக்கொண்டார். அவ்வளவுதான், அதற்கப்புறம் அவர் நம்மோடு இல்லை. நான் திரும்பி வந்து பார்த்தால் எங்கள் மேசையில் அவர் நாற்காலி காலியாக இருந்தது, பாத்ரூம் போயிருப்பார் என்று நினைத்தேன். அவரோ கடல் பக்கக் கதவுகளைச் சாத்தச் சொல்லி, காற்றில் அணைந்த மெழுகுவர்த்தியை எல்லாம் மேசை மேசையாக ஏற்றிக்கொண்டிருந்தார். கையில் துணி மடித்துப் போட்டிருந்தார், முதுகு அப்படி நிமிர்ந்து அவரைப் பார்த்து எத்தனை நாளாயிற்று. பிறகு மைக்கில் நிகழ்ச்சி நடத்திக்கொண்டிருந்த ஆள், பெண்ணின் அப்பா வந்து இரண்டு வார்த்தை பேசுவார் என்று கூப்பிட்டாரே, எல்லாரும் கை தட்டினார்களே, அப்போது நீ அவரைக் கோபமாகப் பார்த்துக்கொண்டிருந்தாய், நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சுவரோரம் நின்றபடி எல்லாரையும் போலவே வாசலைப் பார்த்தார் பாப்பா. பெண்ணின் அப்பா எங்கிருந்து வருகிறார் என்று பார்த்தார். வரவில்லை என்றதும், விருந்தில் ஏதாவது குறை வந்தால் கேப்டன் என்ன செய்வாரோ அதைச் செய்தார், தண்ணீர் ஜாடியை எடுத்துக்கொண்டு நேராக உன் மேசைக்கு வந்தார். வலது பக்கமாக நின்று உன் கோப்பையை நிரப்பி, வாழ்த்துகள் மேடம், ஏதாவது வேணும்னா என்னைக் கூப்பிடுங்க என்றார். சம்பந்தி மேசையில் அதை ஏற்பாடு செய்த விளையாட்டு என்று நினைத்து மறுபடியும் கை தட்டினார்கள். நீ எழுந்து போய்விட்டாய்.

தாழ்வாரத்தில் நீ சொன்னது என் காதிலேயே நிற்கிறது. பழி வாங்கிட்டாரும்மா, நான் சொன்னது பொய்யின்னு எல்லார் முன்னாடியும் காட்டிட்டாரு, இனிமே அவர் முகத்துல முழிக்க மாட்டேன் என்றாய். மறுநாள் காலையில் நாங்கள் எழுந்து வருவதற்குள் நீங்கள் கிளம்பிப் போயாகிவிட்டது. அப்பா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, பாப்பா இன்னும் எழுந்திருக்கலியா, முட்டை ஆறிப்போகுது என்று உனக்காகக் காத்துக்கொண்டிருந்தார். முந்தின நாள் நடந்தது எதுவும் அவருக்கு நினைவில்லை.

ஊருக்கு வந்த பிறகு ஒரு காலையில் குளித்து, கோட்டைப் போட்டு, வேலைக்கு நேரமாச்சு என்று கிளம்பிப் போய்விட்டார், நான் கடையில் இருந்தேன், எனக்குத் தெரியாது. அவர் முன்பு வேலை பார்த்த ஹோட்டலின் பின்வாசல் வாட்ச்மேன் நல்ல மனுஷன், கேப்டன் சார் வாங்க, இன்னிக்கு ஹால் லீவு என்று சொல்லி டீ வாங்கிக் கொடுத்து, தானே வண்டி பிடித்துக் கொண்டுவந்து விட்டான். அதற்கு மறுநாளே நரம்பு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். தலையைப் படம் எடுத்தார்கள், என்னென்னவோ கேள்வி கேட்டார்கள். பிள்ளைகள் எத்தனை பேர் என்று டாக்டர் கேட்டதற்கு, ஒரே பொண்ணு, காலேஜ்ல படிக்கறா, ராத்திரி கண் முழிச்சுப் படிக்காதேன்னா கேக்கறதில்லை என்றார். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் கீழே பார்த்தேன்.

மதியம் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தவருக்குச் சாயங்காலம் என்னைத் தெரியாமல் போகுமா என்றுதானே நீ கேட்பாய். நானும் அதையேதான் கேட்டேன். இந்த மறதி வியாதி அப்படித்தான் இருக்கும், பொழுது சாய்ந்தால் கூடும், புது இடம் என்றால் இன்னும் கூடும், பழகின உடுப்பு பழகின காலத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விடும் என்றார் டாக்டர். நீயும் கொண்டை போட்டு, தோள் தெரிகிற உடையில், உதட்டுச் சாயமும் அதுவுமாக, யாரோ சினிமாக்காரி மாதிரி இருந்தாய், அவர் தேடுகிற பெண் காலேஜ் போகிறவள். இது சரியாகாது, மெதுவாக்கத்தான் மாத்திரை இருக்கிறது என்றும் சொன்னார். ஊருக்கெல்லாம் அந்த மாத்திரையை எடுத்துக் கொடுத்தவள் நான், எதற்கு என்று ஒருநாளும் கேட்டதில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது பாப்பா. இன்றைக்கு என்னைத் தெரிகிறது, நாளைக்கு யாரம்மா நீங்க என்று கேட்டால் நான் என்ன சொல்லுவேன், யாரிடம் போவேன். உன்னைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. உன் இடத்தில் நான் இருந்தால் ஜாடியைப் பிடுங்கித் தரையில் போட்டிருப்பேன், நீயாவது பேசாமல் எழுந்து போனாய். அவர் உன்னை அவமானப்படுத்தவில்லை என்பது மட்டும் உனக்குத் தெரிந்தால் போதும்.

மாப்பிள்ளையிடம் இதைச் சொல்லு, மறைக்காதே, அவர் விவரம் தெரிந்தவர், அன்று இரவு அப்பாவை அறைவரை கைத்தாங்கலாகக் கொண்டுவந்து விட்டவரும் அவர்தான், ஒரு வார்த்தை ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. அவருடன் எதற்கும் மல்லுக்கு நிற்காதே. குளிர் காலம் வந்துவிட்டதாமே, வெறும் காலோடு தரையில் நடக்காதே, சின்ன வயதிலிருந்து உனக்குச் சளி அப்படித்தான் பிடிக்கும். வேலை வேலை என்று மதியச் சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே. உன் மாமியாரிடம் நீயாகவே அப்பா என்ன வேலை பார்த்தார் என்று சொல்லிவிடு, ஒருமுறை சொல்லிவிட்டால் தீர்ந்தது, அவர் அதற்கும் அதே சிரிப்பைத்தான் சிரிப்பார்.

இன்னும் ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லாமல் ஒட்டி அனுப்ப மனசு வரவில்லை. காலையில் சாப்பிட்டது மறந்துபோகிற மனுஷனுக்கு அந்தச் சாயங்காலம் திரும்ப வந்து ஒட்டிக்கொண்டுவிட்டது, அதுவும் அவருடைய தினுசில். விளக்குப் போடுகிற நேரமானால் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்கிறார். அந்தக் கடலோரத்துப் பார்ட்டியில பொண்ணோட அப்பா வரவே இல்லை பாத்தியா, மைக்ல கூப்பிட்டும் வரலை, அந்தப் பொண்ணு முகம் எப்படி ஆயிடுச்சு தெரியுமா, பாவம், என் பொண்ணு வயசுதான் இருக்கும் என்கிறார். எந்தக் கல்யாணத்திலும் சாப்பிட மறந்துபோகிற ஆள் பெண்ணின் அப்பாதானாம், அதனால் கேப்டன் அவருக்கு ஒரு தட்டு தனியாக எடுத்து மூடி வைத்துவிடுவாராம், அதைச் சாப்பிட வைத்த பிறகுதான் இவர்கள் கோட்டைக் கழற்றுவார்களாம், இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியும் எனக்கு இது தெரியாது. அன்றைக்கும் எடுத்து வைத்தாராம். யாரும் வந்து கேக்கலை, அப்படியே வெச்சிட்டு வந்துட்டேன், என்ன அப்பன் அவன், பொண்ணைத் தனியா விட்டுட்டு எங்க போனான் என்று கோபப்படுகிறார், கண் கலங்குகிறார். அந்தப் பெண்ணின் அப்பா வந்தார், சாப்பிட்டார் என்று நானும் சொல்லிப் பார்த்துவிட்டேன். உனக்கென்ன தெரியும், நீ டூட்டியில இல்லை என்கிறார். அன்று வெறும் வயிற்றோடு படுத்தது அவர்தான், அது எனக்கல்லவா தெரியும்.

நீங்கள் இருவரும் நோய் நொடி இல்லாமல், ஒருவருக்கொருவர் ஆதரவாக நூறு வயது வாழவேண்டும், அப்பாவும் நானும் மனதார வாழ்த்துகிறோம். கிடைக்கிற முதல் லீவில் கிளம்பி வா. அதுவரை காத்திருக்காமல் இதைப் படித்த அன்றைக்கே, இங்கே பொழுது சாய்கிற நேரம் பார்த்து ஒரு போன் போடு. அவரிடம் பாப்பா பேசுகிறேன் என்று சொல்லவேண்டாம், பாப்பா காலேஜுக்குப் போயிருக்கிறாள். அந்தக் கடலோரக் கல்யாணப் பெண் பேசுகிறேன் என்று சொல்லு. எங்கப்பா வந்துட்டாரு கேப்டன், கடைசி வரைக்கும் அங்கேதான் இருந்தாரு, நான்தான் பாக்கலைன்னு சொல்லு. நீ சொன்னால் நம்புவார்.

இப்படிக்கு
உன் அம்மா