பொதுவில் போடாத எழுத்துரு

கொடகவெல டவுனில் நம் அச்சுக் கடையைத் திறந்து கம்ப்யூட்டரைப் போட்டால், உள்ளே நுழைய இப்போது என் பெயர் மட்டும்தான் வருகிறது. முன்பு இரண்டு பெயர் வரும், மேலே உன்னுடையது. உன்னை அடக்கம் செய்த மூன்றாம் நாள், அதைப் பார்க்கச் சகிக்காமல் அழித்தேன். பெயரோடு உன் கோப்புகளும் போயின. உன் எழுத்துருவும் அதற்குள்தான் கிடந்தது என்பது என் மரமண்டைக்கு அப்போது உறைக்கவில்லை.

லினக்ஸில் உட்கார்ந்து நீயே கோடு கோடாக வரைந்து செய்த எழுத்துரு அது. "சிங்களத்துக்கு எத்தன வடிவான எழுத்து இருக்கு. நம்ம தோட்டத்து லயத்து ஆளு செத்தா மட்டும் கருமாதிக் கார்டுல கோணல் எழுத்தா?" என்று கேட்டுவிட்டுத்தான் தொடங்கினாய். அதே எழுத்தைக் கார்டுக்குச் சிறிதாக்குவாய், பெனருக்கு ஆளுயரம் இழுப்பாய். ஓரம் பிசிறாது. 'வந்துட்டாரு சிற்பி' என்று நான் கிண்டல் செய்வேன்.

"இந்த எழுத்த ரெண்டு பேரு கணக்குக்கும் பொதுவுல போட்டுறவா மச்சான்?" என்று ஒருநாள் கேட்டாய்.

"எதுக்கு? அடிக்கிறது நீதானே," என்றேன். சோம்பல், வேறொன்றுமில்லை.

பத்தாம் நாள் உன் மனைவி கடைக்கு வந்தாள். "அவரு எழுத்துலயே அவரு கார்ட அடிச்சுக் குடுங்கண்ணே. பெனரும் வேணும்."

என் கோப்புகளில் கிடந்த பழைய கார்டு ஒன்றைத் திறந்தேன். உன் எழுத்து இருந்த இடமெல்லாம் வேறேதோ எழுத்து வந்து உட்கார்ந்திருந்தது. அப்போதுதான் உறைத்தது. "நாளைக்கு வாங்க தங்கச்சி," என்று அனுப்பிவிட்டேன்.

அச்சுக்கென்று நீ பிடிஎஃப் ஆக்கிய கருமாதிக் கார்டுகள் சில மட்டும் என் பென் டிரைவில் தப்பியிருந்தன. ஒவ்வொன்றிலும் அந்தந்த ஆளுக்குத் தேவைப்பட்ட எழுத்துகள் மட்டும் உன் வடிவில் இருந்தன. பழைய கங்காணியிடம் ஓரெழுத்து, தேயிலைக் கொழுந்து கிள்ளிய கிழவியிடம் ஓரெழுத்து என்று செத்தவர்களிடமே பொறுக்கி உன் பெயரைக் கூட்டினேன். பெனர் அளவுக்கு இழுத்தேன், பிசிறவில்லை. நடுவில் வருகிற 'ஷ' மட்டும் யாரிடமும் இல்லை. அதை வேறு எழுத்துருவிலிருந்து எடுத்து ஒட்டினேன்.

லயத்து வாசலில் பெனரைக் கட்டியபோது அவள் வெகுநேரம் பார்த்தாள். "அவரு எழுத்துதான், இல்லண்ணே?"

ஆமென்று தலையை ஆட்டினேன்.

கருமாதி முடிந்தும் அவள் அதைக் கழற்றவில்லை. தோட்டத்துப் பக்கம் போகும்போதெல்லாம் என் கண் அந்த 'ஷ'வில்தான் போய் விழுகிறது. வெட்கமாக இருக்கிறது. நீயாக இருந்தால் ரோட்டில் நின்றே கண்டுபிடித்திருப்பாய். அவளிடம் இன்னும் சொல்லவில்லை, மச்சான்.