அப்பா எழுந்து போகும் சீன்

என் உயிரே, என் அம்மாவுக்கு,

நீ கண்ணை மூடியபிறகு இந்த வீட்டில் டிவி ஓடுகிறது, பேச்சுதான் இல்லை. எங்களுக்குச் சமைத்துப் போட அப்பாவின் அக்கா வந்து தங்கியிருக்கிறாள். ரிமோட் இப்போது அத்தை மடியில். படத்தில் ஒரு பார்ட்டி வந்தால் போதும், கிளாசைப் பார்த்ததுமே சேனலை மாற்றிவிடுவாள். அத்தை கொஞ்சம் தாமதித்தால் அப்பா எழுந்துவிடுவார், வெங்காயத்துக்குத் தண்ணீர் பாய்கிறதா என்று பார்க்க. நம் ஊர் குன்னத்தில் எல்லா அப்பாக்களுக்கும் அந்த நேரம் பார்த்துத்தான் மோட்டார் ஞாபகம் வரும் போல.

நீ மட்டும்தான் மாற்றமாட்டாய். என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்ப்பாய். ஒரு தொடரில், பார்ட்டிக்குப் போன பெண்ணின் ஜூஸில் ஒருத்தன் எதையோ கலந்தான், ஞாபகம் இருக்கிறதா? அவளுக்கு அங்கே என்ன வேலை என்று, அன்றைக்கு வந்திருந்த அத்தை கேட்டாள். நீ சட்டென்று சொன்னாய்: "போனா என்னங்க அண்ணி? கலந்தவனைக் கேளுங்க." அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் இன்றைக்கு மூச்சு விடுகிறேன்.

அம்மா, நானும் ஒரு பார்ட்டிக்குப் போனேன். பெரம்பலூரில், காலேஜில் கூடப் படிக்கிறவளின் பிறந்தநாள். கேக் வெட்டினோம், ஆடினோம், சந்தோஷமாகத்தான் இருந்தேன். அவளுடைய அண்ணனின் நண்பன் ஒருத்தன் மாடி அறைக்குள் என்னைத் தள்ளிக் கதவைச் சாத்தினான். கத்தினேன். அந்தப் பாட்டுச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? அவன் கையைக் கடித்துவிட்டுத்தான் வெளியே வந்தேன். அதற்குமுன் நடந்ததை இங்கே எழுத வரவில்லை.

இப்போது தினமும் மெசேஜ் போடுகிறான். போட்டோ வைத்திருக்கிறானாம். கூப்பிட்ட இடத்துக்கு வராவிட்டால் ஊருக்கெல்லாம் அனுப்புவானாம். சோறு இறங்கவில்லை. போன் அடித்தாலே கவிழ்த்து வைத்துவிடுகிறேன். சினிமாவில் பார்ட்டி வந்தாலே எழுந்து போகிறவரிடம், எனக்கு நடந்ததை எப்படிச் சொல்வேன்? நீ இருந்திருக்கக் கூடாதா?

இன்று சாயங்காலம் படத்தில், பார்ட்டிக்கு வந்த பெண்ணை ஒருத்தன் அறைக்குள் இழுக்கும் காட்சி வந்தது. அத்தை கோயிலுக்குப் போயிருந்தாள். அப்பா துண்டை எடுத்துத் தோளில் போட்டார். அதற்குமேல் என்னால் முடியவில்லை. வாசலை மறித்து நின்றுவிட்டேன்.

"மோட்டார் ஓடட்டும்ப்பா. உட்காருங்க. எனக்கும் இந்த மாதிரி ஆயிருச்சு."

அவர் உட்காரவில்லை. நின்றபடியே கேட்டுக்கொண்டார். டிவியை அணைக்க இரண்டு பேருக்கும் தோன்றவில்லை, அதில் யாரோ சிரித்துக்கொண்டே இருந்தார்கள். நான் முடித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "நீ ஏன் அங்க போன?"

அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போல இருந்தது அம்மா. அழுதேன். அப்பா வெளியே போய்விட்டார், வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. இனி இந்த வீட்டில் எனக்கென்று யாரும் இல்லை என்று சுவரில் சாய்ந்து கிடந்தேன்.

இருட்டுவதற்குள் திரும்பி வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்.

"போன்ல எதையும் அழிச்சிடாத. காலைல மகளிர் ஸ்டேஷனுக்குப் போவோம். வண்டிக்குப் பெட்ரோல் போட்டுட்டு வந்துட்டேன்."

பயமாகத்தான் இருக்கிறது. ஏன் போனாய் என்றுதான் அங்கேயும் கேட்பார்கள். அத்தைக்குத் தெரிந்தால் என் கல்யாணத்தை நினைத்து ஒப்பாரி வைப்பாள். போட்டோ வெளியே வந்துவிட்டால் இந்தத் தெருவில் எப்படி நடப்பேன்? பாதி வழியில் அப்பா மனசு மாறி வண்டியைத் திருப்பிவிட்டால்?

திருப்பினாலும் நான் இறங்கி பஸ் ஏறிப் போவேன் அம்மா. தலையைக் குனியாமல், ஒன்று விடாமல் சொல்வேன். அன்றைக்கு நான் சந்தோஷமாக ஆடினேன் என்பதையும் சேர்த்துச் சொல்வேன். இது உன்மேல் சத்தியம்.

உன் வயிற்றில் பிறந்தவள்,
யாழினி