காலியான பட்டியல்

அன்புள்ள அப்பா,

முழங்கால் வலி தேவலையா? மொன்டானாவில் பனி விட்டதா? நான் சுகம்தான்.

மார்ச் முடிகிறதல்லவா, எங்கள் ஃபெடரல் கோர்ட்டில் ஒரே ஓட்டம். ஆறு மாதத்துக்கு மேல் தீர்ப்பில்லாமல் கிடக்கும் மனுக்களை நீதிபதி பெயரோடு பட்டியல் போட்டு ஊரறிய வெளியிட்டுவிடுவார்கள். எங்கள் நீதிபதியிடம் ஒன்றுதான் மிச்சம். மார்வலிக்கு மருந்து கேட்டு, சிறையிலிருந்து க்ளைட் ஹார்மன் என்பவர் பென்சிலில் எழுதியது. நேற்று சிறையிலிருந்து தகவல் வந்தது. ஆள் இறந்துபோய்விட்டாராம்.

"அப்பாடா! பட்டியல் போட ஆரம்பிச்சதுலேர்ந்து இப்பதான்டி நம்ம பக்கம் காலி!" என்று கூட வேலை பார்க்கும் விவியன் கேக் வெட்டினாள். நானும் ஒரு துண்டு தின்றேன். அவர் மனுவை 'முடிந்தது' என்று பதிந்ததும் நான்தான்.

இரண்டு ஜோடி கம்பளிக் காலுறை அனுப்புங்கள். கூடவே ஒரு வரி எழுதுங்கள். பென்சிலில் மட்டும் வேண்டாம்.

உங்கள் மகள்,
லொரெட்டா